70 மதிப்பெண்ணை வீட்டு வைஃபையின் தலையில் கட்டாதீர்கள்

இணையவழிப் பட்டப்படிப்புகளை நடத்தும் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும் தேர்வாணையர்களுக்கும் இணையவழிக் கல்வி மைய இயக்குநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

உங்களில் பலர் நடத்தும் இணையவழிப் படிப்புகளில் பருவத் தேர்வை வீட்டிலிருந்து மட்டுமே எழுத முடியும். "எத்தனை கிலோமீட்டர் ஆனாலும் மையத்துக்கு வந்து எழுதுகிறேன்" என்று கேட்பவருக்கும் "அப்படி ஒரு வசதி இல்லை" என்பதே பதில். இந்த முடிவை எங்களால் ஏற்க முடியவில்லை. இணையவழியில் பி.ஏ., பி.காம்., பி.சி.ஏ., எம்.பி.ஏ. படிப்பவர்களுக்கு விண்ணப்பம் போடுவதிலிருந்து சான்றிதழ் கைக்கு வரும்வரை உதவும் ஆசிரியர்களும் கணினிப் பயிற்றுநர்களும் நாங்கள். பாடம் புரியாமல் வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களிடம் வழி இருக்கிறது. பாடம் நன்றாகத் தெரிந்தும், தேர்வு நாளன்று இணைப்பு அறுந்ததால் தாளை இழந்து வருபவருக்குச் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2020 செப்டம்பரில் வெளியிட்ட திறந்தநிலை, தொலைநிலை மற்றும் இணையவழிக் கல்விக்கான ஒழுங்குமுறைகள் உங்கள் மேசையில் இருக்கும். அகமதிப்பீட்டுக்கு அதிகபட்சம் 30 விழுக்காடு, பருவ இறுதித் தேர்வுக்குக் குறைந்தது 70 விழுக்காடு என்கிறது அது. தாளின் எடையை அளக்கும் அலகான கிரெடிட் ஒன்றுக்கு 30 மணி நேர உழைப்பு என்பதும் அதே ஒழுங்குமுறையின் கணக்குதான். அப்படியானால் 4 கிரெடிட் உள்ள ஒரு தாளுக்கு 120 மணி நேரம் படித்த ஒருவரின் 70 மதிப்பெண், ஒரே ஒரு மூன்று மணி நேரத்தில் தொங்குகிறது. அந்த மூன்று மணி நேரத்துக்கு வேண்டிய அறை, மேசை, மின்சாரம், வெளிச்சம், அமைதி, கணினி, இணையம் அத்தனையையும் தேர்வு எழுதுபவரே கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். கொரோனா காலத்தைத் தவிர, வளாகத்தில் படிக்கும் மாணவரிடம் எந்தத் தேர்வாணையரும் இப்படிக் கேட்டதில்லை.

இணையவழிப் பட்டத்தில் சேருபவர்கள் யார் என்பது உங்கள் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்துகொண்டு பி.பி.ஏ. படிப்பவர், பட்டம் இல்லாததால் பதவி உயர்வு நின்றுபோன ஊழியர், கல்யாணத்தோடு படிப்பை விட்டுப் பத்து வருடம் கழித்துத் திரும்பி வரும் பெண். இவர்களில் பலர் பாடத்தைக் கைப்பேசியில் பார்த்துத்தான் படிக்கிறார்கள். மடிக்கணினி தேர்வு வாரத்துக்கு மட்டும் இரவல் வாங்கியது.

தேர்வு நாளின் நடைமுறையை அப்படியே வரிசையாக வைத்துப் பார்ப்போம். தேர்வு தொடங்க 30 நிமிடம் முன்பே உள்ளே நுழைய வேண்டும். பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி வரும். வெப்கேம் முன் அடையாள அட்டையைப் பிடிக்க வேண்டும், அறையை நான்கு புறமும் சுழற்றிக் காட்ட வேண்டும். கையும் திரையும் சேர்ந்து தெரியும்படி, பக்கவாட்டில் இன்னொரு கேமராவாகக் கைப்பேசியை நிறுத்த வேண்டும் என்பது பல இடங்களில் நிபந்தனை. வீட்டில் ஃபைபர் இணைப்பு இல்லாதவருக்கு அந்தக் கைப்பேசிதான் ஹாட்ஸ்பாட்டும். விடைகளைத் தாளில் எழுதிப் பதிவேற்றும் தேர்வு என்றால், முடிவில் ஸ்கேன் செய்வதும் அதே கைப்பேசியால்தான்.

ஓடிபி, இணையம், இரண்டாவது கேமரா, ஸ்கேனர் என்று ஒரு கைப்பேசிக்கு நான்கு வேலை. இவை ஒன்றோடொன்று முட்டுகின்றன. கைப்பேசியைத் தொட்டால் எச்சரிக்கை வருகிறது. தொடாமல் ஸ்கேன் செய்ய முடியாது. நடுவில் அழைப்பு வந்தால், 4ஜி அழைப்பு வசதி சரியாக இயங்காத கைப்பேசிகளிலும் சிக்னல் குறைந்த இடங்களிலும் டேட்டா நின்றுபோகும். அழைப்பைத் தடுக்க ஃப்ளைட் மோடில் போட்டால் ஹாட்ஸ்பாட்டுக்கு வரும் இணையமும் போய்விடும். கேமராவும் ஹாட்ஸ்பாட்டும் சேர்ந்து மூன்று மணி நேரம் ஓடினால் கைப்பேசி கொதிக்கும். கொதித்தால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், சில நேரம் கேமராவை மூடிவிடும். சார்ஜரில் செருகி வைத்தால் சூடு இன்னும் ஏறும். மே மாதத்தில், ஓட்டு வீட்டிலும் தகர ஷீட் வீட்டிலும் இது தேர்வுக்குத் தேர்வு நடக்கிறது. வீட்டில் இன்னொரு கைப்பேசி இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் தேர்வு விதிமுறையில் "இரண்டு கைப்பேசிகள் தேவை" என்று நீங்கள் எங்கும் சொல்வதில்லை. விண்ணப்பிக்கும்போது சொல்லியிருந்தால் பலர் வேறு பல்கலைக்கழகத்தைத் தேடியிருப்பார்கள்.

டேட்டா கணக்கையும் பாருங்கள். வெப்கேம் காட்சி நொடிக்கு 300 கிலோபிட் வீதம் போனால் மூன்று மணி நேரத்துக்கு ஏறக்குறைய 400 எம்பி ஆகும். திரைப் பகிர்வும் இரண்டாவது கேமராவும் அதே அளவு இழுத்தால் 1.2 ஜிபி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் வைத்திருப்பவர் காலையில் ஒரு தாள் எழுதி முடிக்கும்போது அன்றைய டேட்டா கிட்டத்தட்டத் தீர்ந்திருக்கும். தீர்ந்தபின் பெரும்பாலான திட்டங்களில் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடுகிறது. அதில் ஒரு கேமராவின் காட்சியைக்கூட அனுப்ப முடியாது. அன்று மதியம் இரண்டாவது தாள் இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அட்டவணை போடும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா?

உங்கள் மாதிரித் தேர்வு இதைக் கண்டுபிடிப்பதில்லை. அது பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஓடும், அதில் கைப்பேசி சூடாகாது, டேட்டா தீராது. இணைய வேகத்தைச் சோதித்துக்கொள்ளச் சொல்லும் அறிவிப்பிலும் பதிவிறக்க வேகமா பதிவேற்ற வேகமா என்று குறிப்பிடுவதில்லை. காணொலி பார்க்கப் பதிவிறக்க வேகம் போதும். கண்காணிப்புத் தேர்வுக்கு வேண்டியது பதிவேற்ற வேகம். சிக்னல் குறைந்த இடத்தில் முதலில் அடிவாங்குவது அதுதான்.

மின்சாரத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் துணை மின் நிலையப் பராமரிப்புக்கு மாதம் ஒரு நாள் காலை 9 மணி முதல் மதியமோ மாலையோ வரை மின்தடை அறிவிப்பது வழக்கம். பகுதி வாரியாகச் செய்தித்தாளிலேயே வரும். தேர்வு அட்டவணை பல வாரங்களுக்கு முன் வெளியாகிறது, மின்தடை அறிவிப்போ ஓரிரு நாளுக்கு முன்தான் வருகிறது. மடிக்கணினியின் பேட்டரி தாங்கினாலும் ரவுட்டர் அணைந்துவிடும். ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் வைத்திருந்தாலும், தெருக்கோடியில் கேபிள்காரரின் பெட்டிக்கு மின்சாரம் இல்லாவிட்டால் இணைப்பு வராது. மின்தடை அறிவிப்பை முன்கூட்டியே அனுப்பி "தேதியை மாற்றித் தாருங்கள்" என்று கேட்டவருக்கும் "அடுத்த பருவத்தில் அரியர் எழுதிக்கொள்ளலாம்" என்ற பதில் வருகிறது. அரியர் கட்டணமும் அவர் பொறுப்பு. ஆறு மாதமும் அவருக்குத்தான் போகிறது.

அடுத்தது பதிவேற்றம். நாங்கள் பார்க்கும் சிக்கல்களில் பெரும்பகுதி கடைசி 15 நிமிடத்தில்தான் நடக்கிறது. மூன்று மணி நேரம் முடிந்ததும் விடைத்தாளைப் படமெடுத்து, ஒரே பிடிஎஃப் ஆக்கி, மேலே ஏற்ற 15 நிமிடமோ 30 நிமிடமோ தருகிறீர்கள். 24 பக்கம் எழுதியவர் கைப்பேசிக் கேமராவில் நேராகப் படமெடுத்தால் ஒரு பக்கம் 3 முதல் 5 எம்பி வரும். மொத்தம் 72 முதல் 120 எம்பி. நொடிக்கு 1 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் 100 எம்பி ஏறுவதற்கே 13 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் எங்கும் தடைப்படாமல் ஓடினால். ஸ்கேன் செயலியில் சாம்பல் நிறம், 200 டிபிஐ என்று வைத்து எடுத்தால் ஒரு பக்கம் 400 கேபிக்குள் அடங்கும்; 24 பக்கமும் 10 எம்பிக்குள் முடியும்; அதே வேகத்தில் ஒன்றரை நிமிடத்தில் ஏறிவிடும். இந்த ஒரு வரிக் குறிப்பு பல தேர்வு வழிகாட்டிகளில் இல்லை. அதிகபட்சக் கோப்பளவு மட்டும் இருக்கிறது. அளவைத் தாண்டிய கோப்பைப் பக்கம் ஏற்க மறுக்கும்போது கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பதற்றத்தில் ஏதோ ஓர் இலவச இணையதளத்தில் விடைத்தாளைப் போட்டுச் சுருக்குகிறார்கள்; பக்க வரிசை மாறிவிடுகிறது, ஓரம் வெட்டுப்பட்டுப் பதிவெண் காணாமல் போகிறது. எல்லோரும் ஒரே நிமிடத்தில் ஏற்றுவதால் உங்கள் சர்வரும் திணறுகிறது. "பதிவேற்றம் முடிந்தது" என்ற செய்தி வராமலேயே பக்கம் வெள்ளையாக நின்றுவிட்டால் விடைத்தாள் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தேர்வு முடிவு வரும் நாளில் "வருகை தரவில்லை" என்று இருக்கும். மூன்று மணி நேரம் உங்கள் கேமராவின் முன் உட்கார்ந்து எழுதியவருக்கு நீங்கள் போடும் குறிப்பு அது.

தட்டச்சு செய்யும் தேர்வு என்றால் வேறு தொல்லை. தமிழில் விடை எழுத அனுமதி உண்டு என்று கையேடு சொல்கிறது. ஆனால் தேர்வு நேரத்தில் மற்ற மென்பொருள்களை எல்லாம் முடக்கும் பூட்டு உலாவி, தமிழ் தட்டச்சு மென்பொருளையும் சேர்த்து முடக்கிவிடுகிறது. விண்டோஸோடு வரும் தமிழ் விசைப்பலகை இயங்கலாம். அதற்குக்கூட மொழி மாற்றும் குறுக்குவிசையைச் சில பூட்டு உலாவிகள் தடுத்துவிடுகின்றன. தமிழ்99 பழகியவரின் கை வேறு, ஆங்கில ஒலிப்புமுறையில் பழகியவரின் கை வேறு, பழைய தட்டச்சுப்பொறி முறையில் பழகியவரின் கை வேறு. எது கிடைக்கும் என்று தேர்வறைக்குள் நுழைந்தபின் தெரியவருவது நியாயமா? ஆங்கிலத்தில் எழுதும் பி.காம். மாணவருக்கும் நிம்மதி இல்லை. பேரேட்டுக் கணக்கை இரண்டு பக்கமும் சமன்செய்து காட்டச் சொல்லும் கேள்விக்கு, அட்டவணை போட வழியில்லாத வெறும் எழுத்துப் பெட்டி ஒன்று திறக்கிறது. இடைவெளி விட்டு விட்டு வரிசைப்படுத்தினால் சேமிக்கும்போது எல்லா இடைவெளியும் சுருங்கிப் பற்றும் வரவும் ஒரே வரியில் ஒட்டிக்கொள்ளும். புள்ளியியலில் வரைபடம் கேட்கும் கேள்வி இருந்தால் அந்த மதிப்பெண்ணை மறந்துவிட வேண்டியதுதான். தாளையும் பேனாவையும் கொடுத்தால் இந்தப் பிரச்சினை எதுவும் கிடையாது.

இனி கண்காணிப்பு. சந்தேகம் வரும் இடத்தில் மென்பொருள் போடும் குறிக்குக் கொடி என்று பெயர். கேமராவுக்கு முகம் தெரியாவிட்டால் ஒரு கொடி, இரண்டாவது முகம் தெரிந்தால் ஒரு கொடி, குரல் கேட்டால் ஒரு கொடி, பார்வை திரையை விட்டு விலகினால் ஒரு கொடி. கணக்குப் போடுகிறவர் கீழே உள்ள தாளைத்தான் பார்ப்பார். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பின்னொளியில் முகம் இருண்டு தெரியும். ஒற்றை அறை வீட்டில் குழந்தை குறுக்கே வரும். ஆடி மாதத்தில் கோயில் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்ல ஒரு மாணவரால் முடியாது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் எச்சரிக்கை வந்ததும் தேர்வு தானாக முடிந்துவிடும் அமைப்புகளும் இருக்கின்றன. இது கொடியைத் தீர்ப்பாக மாற்றும் செயல். கொடி என்பது ஒரு மனிதர் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். முடிவு "நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்று வந்தால், எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று கேட்கும் மாணவருக்குக் காணொலித் துண்டு காட்டப்படுவதில்லை. வளாகத் தேர்வில் காப்பியடித்ததாகப் பிடிபட்டவருக்குக்கூட விளக்கக் கடிதம் எழுதவும் விசாரணைக் குழு முன் நிற்கவும் வாய்ப்பு இருக்கிறது.

அறையைச் சுழற்றிக் காட்டச் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகம் இப்படித் தேர்வுக்கு முன் ஒரு மாணவரின் படுக்கையறையைக் காட்டச் சொன்னது, அரசமைப்பு தரும் பாதுகாப்புக்கு முரணான சோதனை என்று ஓஹையோவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. ஒரே அறையில் குடும்பமே வாழும் வீட்டின் காட்சி யாருடைய சர்வரில், எத்தனை நாள் இருக்கும் என்று நீங்கள் மாணவருக்கு எழுதிக் கொடுத்ததுண்டா?

மாற்றுத்திறனாளிகள் நிலைமை இன்னும் மோசம். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட எழுத்துத் தேர்வு வழிகாட்டுதல்களின்படி தகுதியுள்ளவருக்குப் பதிலி எழுத்தர் உண்டு. மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. வீட்டுத் தேர்வில் பதிலி எழுத்தர் பக்கத்தில் உட்கார்ந்தால் மென்பொருளுக்கு அது "இரண்டாவது முகம்", "பேச்சுக் குரல்". கூடுதல் நேரத்தை யாராவது தனியாகத் திறந்துவிட மறந்தால் மூன்றாவது மணி முடிந்ததும் பக்கம் மூடிக்கொள்கிறது. சட்டம் தந்ததை மென்பொருளின் அமைப்புப் பக்கம் பறித்துக்கொள்கிறது. இதைவிட எங்களை வருத்துவது வேறொன்று இல்லை.

பெயர்ச் சிக்கல் சிறியதாகத் தோன்றும், சிறியதல்ல. 2024 முதல் இணையவழி, தொலைநிலைச் சேர்க்கைக்கு மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் அடையாள எண்ணான டெப் ஐடி கட்டாயம், அதற்கு முன் மாணவரின் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்ணான ஏபிசி ஐடி வேண்டும், அதற்கு ஆதார். தமிழர் பெயரில் தலைப்பெழுத்து பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், வேறோர் ஆவணத்தில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். "முதற்பெயர், கடைசிப்பெயர்" என்று கேட்கும் படிவத்தில் ஒரே மனிதர் மூன்று பேராகிவிடுகிறார். சேர்க்கையின்போது எப்படியோ ஏற்றுக்கொண்டுவிடுகிறீர்கள். தேர்வு நாளன்று எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர், ஹால் டிக்கெட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்தவில்லை என்று உள்ளே விட மறுக்கிறார். மையத்தில் இருக்கும் முதன்மைக் கண்காணிப்பாளர் புகைப்படத்தைப் பார்த்து, ஓர் உறுதிமொழிக் கடிதம் வாங்கிக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் தீர்த்துவைக்கும் சங்கதி இது.

மையம் வைத்து நடத்துவது முடியாத காரியம் என்று சொல்லிவிட முடியாது. சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பில் பாடம் முழுக்க இணையத்தில்தான். வாரந்தோறும் ஒப்படைப்பும் இணையத்தில்தான். குவிஸ்களையும் பருவ இறுதித் தேர்வையும் மையத்துக்குப் போய் நேரில் எழுத வேண்டும். ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடிஇஎல் இணையவழிப் படிப்புகளின் சான்றிதழ்த் தேர்வும் மையத்தில்தான். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஜூனிலும் டிசம்பரிலும் நாடெங்கும் மையம் வைத்துத் தேர்வு நடத்துகிறது. சிறைகளுக்குள்ளேயும் மையம் வைக்கிறது. மதில் சுவருக்குள் இருப்பவருக்கு ஒரு மேசையும் வினாத்தாளும் போய்ச் சேரும்போது, பெரம்பலூரிலோ இராமநாதபுரத்திலோ இருப்பவருக்கு ஏன் போய்ச் சேரக் கூடாது? கலை அறிவியல் கல்லூரிகளின் வகுப்பறைகளும் கணினி ஆய்வகங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கின்றன. கணினித் திரையில் விடைத்தாள் திருத்தும் முறை ஏற்கெனவே பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. பார்கோடு ஒட்டிய விடைப் புத்தகத்தில் எழுத வைத்து, மையத்திலேயே ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டால், 15 நிமிடப் பதிவேற்றம் என்ற கண்டம் மாணவரின் தலையிலிருந்து இறங்கிவிடும்.

பட்டத்தின் மதிப்புக்கும் இதில் தொடர்பு உண்டு. அங்கீகாரம் பெற்ற இணையவழிப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. ஆனால் நேர்முகத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி "வீட்டிலிருந்து எழுதிய தேர்வா?" என்பதாகத்தான் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தை வளர்ப்பது உங்கள் பெயரில் ஆள்சேர்ப்பவர்களின் விளம்பரம். "வீட்டிலிருந்தே தேர்வு, கவலை வேண்டாம்" என்று கண்சிமிட்டி விற்கிறார்கள். நேர்மையாகப் படித்தவர் அந்த விளம்பரத்துக்கு வேலைச் சந்தையில் விலை கொடுக்கிறார். மையத்தில் எழுதினேன் என்று சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பு வேண்டும்.

வீட்டுத் தேர்வை அடியோடு எடுத்துவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. நிறைமாதக் கர்ப்பிணிக்கும், வளைகுடாவில் வேலை செய்பவருக்கும், எல்லையில் பணியில் இருப்பவருக்கும், படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கும் அதுதான் வழி. அது ஒரு வழியாக இருக்கட்டும், ஒரே வழியாக இருக்க வேண்டாம்.

எங்கள் கோரிக்கைகள் இவை. தேர்வு விண்ணப்பத்திலேயே "வீடு" அல்லது "மையம்" என்று தேர்ந்தெடுக்கும் கட்டத்தை அடுத்த பருவத்திலிருந்து சேருங்கள். ஐந்தாறு பேர் மட்டும் கேட்டாலும், மண்டலத்துக்கு ஒரு மையமாவது ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்துங்கள். கூடுதல் செலவு ஆகும் என்றால் எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். வீட்டுக் கண்காணிப்பு மென்பொருளுக்குத் தலைக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதையும் கூடவே சொல்லுங்கள்.

வீட்டில் எழுதுபவர்களுக்கு ஒரே நாளில் இரண்டு தாள் வைக்காதீர்கள். இணைப்பு அறுந்தால் மீண்டும் நுழையக் குறைந்தது 30 நிமிடம் தாருங்கள், இழந்த நேரத்தைக் கடைசியில் கூட்டுங்கள். மின்தடைக்கோ இணையத் தடைக்கோ சான்று காட்டுபவருக்கு, அரியராக்காமல், கட்டணமும் வாங்காமல், 30 நாளுக்குள் மறுதேர்வு வையுங்கள். முழு மூன்று மணி நேரம் ஓடும் மாதிரித் தேர்வு ஒன்றைத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே நடத்துங்கள். என்னென்ன கருவி, எத்தனை கைப்பேசி, எவ்வளவு பதிவேற்ற வேகம், எத்தனை ஜிபி டேட்டா என்பதைச் சேர்க்கைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள், கட்டணம் கட்டுவதற்கு முன் மாணவர் படிக்கும்படி.

பதிவேற்றத்துக்கு 45 நிமிடம் தாருங்கள். கோப்பு வந்து சேர்ந்ததும் எத்தனை பக்கம் வந்தது என்ற விவரத்தோடு குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் தானாகப் போக வேண்டும். கேமரா முன் மூன்று மணி நேரம் இருந்த பதிவு உள்ள எவருக்கும், மாணவரிடம் கேட்காமல், "வருகை தரவில்லை" என்று போடாதீர்கள். தமிழில் எழுத அனுமதிக்கும் தாள்களுக்குத் தமிழ்99, ஒலிப்புமுறை இரண்டையும் தேர்வுப் பக்கத்துக்குள்ளேயே கட்டமைத்துத் தாருங்கள். கணக்குப்பதிவியல், புள்ளியியல், கணிதத் தாள்களைத் தாளிலேயே எழுத வையுங்கள்.

மென்பொருள் தானாகத் தேர்வை முடிக்கும் அமைப்பை உடனே நிறுத்துங்கள். கொடி விழுந்த ஒவ்வொரு தேர்வையும் ஓர் ஆசிரியர் பார்க்கட்டும். முடிவை நிறுத்திவைத்தால் நேரம் குறித்த காணொலித் துண்டோடு 15 நாளுக்குள் மாணவருக்கு எழுதுங்கள், அவர் தரப்பைக் கேளுங்கள். அறைக் காட்சியை எத்தனை நாளில் அழிப்பீர்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள். பதிலி எழுத்தர் வைத்து எழுதுபவருக்குத் தானியங்கிக் கண்காணிப்பை விலக்கி, மனிதக் கண்காணிப்பாளர் ஒருவரைத் தனியாக ஒதுக்குங்கள். கூடுதல் நேரம் ஹால் டிக்கெட்டிலேயே அச்சாகட்டும். பெயர்ப் பொருத்தம் சேர்க்கை முடிந்த 30 நாளுக்குள் சரிபார்க்கப்படட்டும். தேர்வு நாளன்று அந்தக் காரணத்துக்காக யாரையும் வெளியே நிறுத்தாதீர்கள்.

அடுத்த பருவத்தின் தேர்வு விண்ணப்பம் திறக்கும் முன், இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை உங்கள் இணையதளத்தின் தேர்வுப் பகுதியில், உங்கள் மாணவர்கள் படிக்கும் எல்லா மொழிகளிலும் வெளியிடுங்கள். அந்தப் பதிலுக்குக் கீழே தேர்வாணையரின் கையொப்பமும் தேதியும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இணையவழிப் பட்டம் படிப்பவர்களுக்குத் துணை நிற்கும் ஆசிரியர்கள், கணினிப் பயிற்றுநர்கள்